நீயே தேடிக்கிட்டதுதானே?

"பொண்ணு காதலிச்சா, அந்தக் கோபத்துல அடிச்சிட்டார்" என்று ஓர் அப்பாவுக்காகப் பரிந்து பேசுகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கை அன்றைக்குத்தான் முதன்முதலாக ஓங்கியதா? பெரும்பாலும் இருக்காது. வண்டிச் சத்தத்தை வைத்தே அப்பா இன்று எந்த மனநிலையில் வருகிறார் என்று கணித்து, டிவியை அணைத்துவிட்டுப் புத்தகத்தை விரிக்கும் பிள்ளைகள் இருக்கிற வீடாக இருக்கும். அம்மா பல வருஷமாக வாங்கியிருப்பாள். மகளின் காதல் அந்தக் கைக்குக் கிடைத்த புதுச் சாக்கு, அவ்வளவுதான்.

அப்படி வளர்ந்த எல்லாருமே அடிப்பவராகவோ அடி வாங்குபவராகவோ ஆகிவிடுவதில்லை. ஆனால் அதற்கான வாய்ப்பு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று கேட்டே வளர்ந்தவளுக்கு, அவள் போனைப் பிடுங்கிப் பார்ப்பவன் அக்கறையானவனாகத் தெரிவதில் என்ன ஆச்சரியம்? வீட்டுக்குள் இறுக்கம் கூடுவது, அது அடியாக வெடிப்பது, பிறகு மன்னிப்பும் கொஞ்சலும் என்று அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979-இல் ஒரு சுழற்சியை விவரித்தார். எல்லா வீட்டுக்கும் அது அப்படியே பொருந்தாது. ஆனால் அந்தக் கொஞ்சலைப் பாசம் என்று நம்பிய அம்மாக்களை நமக்குத் தெரியும்.

"அதுக்குத்தான் பெரியவங்க பார்த்துக் கட்டி வைக்கணும்" என்பார்கள். சரி, பெரியவர்கள் பார்த்தவன் அடித்தால்? "அனுசரிச்சுப் போம்மா." அவளே பார்த்தவன் அடித்தால்? "நீயே தேடிக்கிட்டதுதானே, அனுபவி." இரண்டிலும் அடித்தவனிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இவளுக்குத் திரும்பிப் போக இடமில்லை என்பது மட்டும் அவனுக்கு நன்றாகப் புரிந்துவிடுகிறது. 2023-இல் உலகம் முழுக்க நாளொன்றுக்குச் சராசரியாக 140 பெண்களும் சிறுமிகளும் துணைவராலோ குடும்பத்தாராலோ கொல்லப்பட்டதாக ஐ.நா. கணக்கு. நாமோ வெளியாளுக்குப் பயந்து மகளை வீட்டில் பூட்டுகிறோம்.

1948-இன் மனித உரிமைப் பிரகடனம், 16-வது பிரிவில், இருவரின் முழுச் சம்மதத்தோடுதான் திருமணம் என்கிறது. அதே பிரிவில் மணமுறிவிலும் சம உரிமை இருக்கிறது. தேர்ந்தெடுக்கிற உரிமையோடு, தேர்ந்தெடுத்தது தப்பாகப் போனால் வெளியே வருகிற உரிமையும் சேர்ந்தே வருகிறது. எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, மகளின் காதலனைத் துளியும் பிடிக்காமலேயே, வீட்டுச் சாவி ஒன்றை அவளிடம் கொடுத்தார். "எந்த ராத்திரியிலயும் வா, எதுவும் கேக்க மாட்டேன்." மாப்பிள்ளையைப் பற்றி அவர் இன்றும் முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டுமே!

அப்புறம், மகனைப் பெற்றவர்களே, இது உங்கள் வீட்டுப் பிரச்சினையும்தான். ஒரு பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று உங்கள் பையன் கதவை உதைத்து உடைத்தால், "வயசுக் கோபம்" என்று சொல்லிவிட்டுத் தச்சரைக் கூப்பிடுகிறவர் நீங்கள்தானே?