முதல் பாதியை விட்டுவிடாதீர்கள்

1966 மே 17, இங்கிலாந்தின் மான்செஸ்டர் ஃப்ரீ ட்ரேட் ஹாலில் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் கச்சேரி. அதைப் பற்றி வந்த கட்டுரை, அவர் எலக்ட்ரிக் இசைக்கு மாறியதைத் துரோகமாக நினைத்த ஒருவர் கூட்டத்திலிருந்து "யூதாஸ்!" என்று கத்தியதோடு நின்றுவிட்டதே! அன்றைக்கு முதல் பாதி முழுக்க டிலன் தனியாளாக, கிட்டாரும் ஹார்மோனிகாவுமாகத்தான் பாடினார். சொற்களை இழுத்து இழுத்து, அவசரமே இல்லாமல். என்னைக் கேட்டால் அவருடைய குரல் அதைவிட நெருக்கமாக வேறெங்கும் பதிவாகவில்லை. இடைவேளைக்கு அப்புறம்தான் அவருக்குப் பக்கவாத்தியம் வாசித்த ஹாக்ஸ் குழுவும் எலக்ட்ரிக் கிட்டாரும். மிக்கி ஜோன்ஸ் டிரம்ஸில் அடிக்கிற ஒவ்வொரு அடியும் நெஞ்சில் இறங்கும். லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பதிவானது என்று தப்பாகப் பெயர் ஒட்டி, திருட்டு இசைத்தட்டாகவே பல வருடம் சுற்றிய இந்த ஒலிப்பதிவு, 1998-ல்தான் முறையாக இரண்டு சிடிகளாக வெளிவந்தது. தயவுசெய்து முதல் சிடியிலிருந்தே கேளுங்கள்.