பகல் பதினொன்றரைக்கு என் மகள் ஏன் அடுப்படியில் இருந்தாள்

எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர் எடுத்து இணையத்தில் போட்ட அந்தப் படத்தை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் எனக்கே அனுப்பி, "இது உங்க வீடுதானே?" என்று கேட்டீர்கள். ஆமாம், எங்கள் வீடுதான். அந்த விறகடுப்பும் கரி பிடித்த சுவரும் எங்களுடையவை. கையில் கரண்டியோடு நிற்பவள் என் மூத்த மகள். அவள் இடுப்பில் இருப்பது எங்கள் குட்டி. "படிக்க வேண்டிய வயதில் அடுப்படியில்" என்று மேலே ஒரு வரி. அதற்குக் கீழே எத்தனை அழுகை எமோஜி! பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எங்க வீட்டுக்காரரும், "விடு, நாலு நாளில் அடங்கிவிடும்" என்றார். அடங்கவில்லை. யாரோ குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்து, விசாரிக்க ஆட்கள் கொடைக்கானல் மலையில் இருக்கும் எங்கள் பூம்பாறை வரைக்கும் வந்துவிட்டுப் போனார்கள். வந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். நோட்டுகளைப் பார்த்தார்கள், பிள்ளைகளிடம் தனியாகப் பேசினார்கள், காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. படம் எடுத்தவர் மேல்தான் வருத்தம்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். ஆறு பிள்ளைகள் வீட்டிலேயே இருந்து படிக்கிற குடும்பத்தில், வேலையைப் பிரித்துக்கொண்டால்தான் படிப்பு நடக்கும். என் பிள்ளைகளின் படிப்பை வீட்டு வேலை கெடுக்கவில்லை. எல்லாரும் ஆளுக்கொரு வேலை பார்ப்பதால்தான் எல்லாருக்கும் படிக்க நேரம் கிடைக்கிறது. இதைப் புரிந்துகொள்ள பெரிய அறிவு வேண்டாம், எங்கள் வீட்டில் ஒரு முழு நாள் இருந்து பார்த்தால் போதும். அவர் இருந்தது மதியச் சாப்பாட்டு நேரம் மட்டும்.

அன்றைக்கு அவர் பூண்டு வாங்க வந்தார். வெளியூர்க்காரர், தெரிந்தவர் மூலமாக வந்தவர். வாசலில் நின்றுகொண்டே, "விறகடுப்புச் சாப்பாடு கிடைக்குமா, சின்ன வயசில் சாப்பிட்டது" என்று ஆசையாகக் கேட்டார். நாங்கள் தினமும் கேஸில், குக்கரில்தான் சமைக்கிறோம். விறகடுப்பு வெந்நீருக்கு. விருந்தாளி கேட்டுவிட்டாரே என்று என் மகள்தான், "பரவாயில்லம்மா, நான் வச்சிடறேன்" என்று பருப்பைச் சட்டியில் போட்டாள். அந்தச் சட்டியைக் கிளறும்போதுதான் படம் எடுத்திருக்கிறார். அந்தச் சட்டியிலிருந்துதான் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்புறம் மலையிறங்கிப் போய் அந்த வரியை எழுதியிருக்கிறார்.

இந்த உயரத்தில் பருப்பு திறந்த சட்டியில் சீக்கிரம் வேகாது. கீழே சமவெளியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். இங்கே காற்றழுத்தம் குறைவு, 93, 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகு வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. அதனால்தான் மலை வீட்டில் குக்கர் இல்லாமல் முடியாது. அன்றைக்கு பெரியவள் இதைத்தான் தன் தம்பிக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அளக்கும் தெர்மாமீட்டரைக்கூட எடுத்து வைத்திருந்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் கண்ணில் அது படவில்லை. கரிச்சுவர் மட்டும் பட்டது.

எங்கள் நாள் எப்படிப் போகிறது என்று நிறையப் பேர் உண்மையான அக்கறையோடும் கேட்டிருந்தீர்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். அஞ்சரைக்கு நானும் மாமியாரும் எழுந்துவிடுவோம். வெந்நீர் அடுப்பு வீட்டுக்காரர் பொறுப்பு. ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை பெரியவளுக்கும் இரண்டாமவனுக்கும் யாரும் எந்த வேலையும் சொல்லக் கூடாது. குட்டி அழுதாலும் அவர்கள் எழக் கூடாது, நான்தான் போவேன். கணக்கு, அறிவியல் எல்லாம் அந்த நேரத்தில்தான். மனசு தெளிவாக இருக்கும், மூட்டமும் அவ்வளவாக இருக்காது. ஒன்பதரைக்குச் சாப்பாடு. தட்டை அவரவர் கழுவி அவரவர் இடத்தில் கவிழ்க்க வேண்டும். பத்து மணிக்கு நான் நடுவில் இருக்கும் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு உட்காருவேன். பதினொரு வயது, ஒன்பது, ஏழு. கதை, வரலாறு, சுற்றுப்புறம் எல்லாம் மூவருக்கும் சேர்த்துத்தான், கேள்வி மட்டும் வயசுக்கு ஏற்றபடி மாறும். கணக்கு மட்டும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. ஒருவனுக்கு வகுத்தல் சொல்லிக்கொண்டிருக்கும்போது அடுத்தவன் வாய்ப்பாடு எழுதுவான், இன்னொருத்தி வாசிப்பாள். இப்படியே பன்னிரண்டரை ஆகிவிடும்.

அந்த நேரத்தில் சமைப்பது யார்? சொல்லுங்கள். மாமியாருக்கு முட்டி வலி, வீட்டுக்காரர் காட்டில். பதினொன்றரைக்கு அவள் சமைத்ததால்தான் அவள் தம்பி தங்கைகளுக்கு நான் பாடம் நடத்த முடிந்தது. அவள் தன் பாடத்தை ஒன்பதரைக்கே முடித்துவிட்டாள். பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பதினொன்றரை என்பது வகுப்பு நேரம். எங்கள் வீட்டில் அது சமையல் நேரம். கடிகாரத்தை மட்டும் பார்த்துவிட்டு ஒரு பிள்ளை படிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுவதா?

"பெண் பிள்ளையைத்தானே அடுப்படிக்கு அனுப்பியிருக்கிறீர்கள்" என்று ஒரு தோழி, மதுரையில் பெரிய படிப்பு படித்தவர், கோபமாக எழுதியிருந்தார். தோழி, படத்தின் இடது ஓரத்தைப் பாருங்கள். ஒரு முழங்கை தெரிகிறதா? அது இரண்டாமவனுடையது. உட்கார்ந்து கேரட் சீவிக்கொண்டிருந்தான். அவனை ஓரத்தில் வெட்டிவிட்டுத்தான் படம் போட்டிருக்கிறார்கள், ஆண் பிள்ளையும் சேர்ந்து தெரிந்தால் அந்த வரி எடுபடாதே. எங்கள் வீட்டில் மதியச் சமையலுக்கு முறை உண்டு. ஒரு வாரம் அவள் வைப்பாள், அவன் நறுக்கித் தருவான். மறுவாரம் அவன் வைப்பான். வத்தக்குழம்பில் அவன் கை அவளைவிட நல்ல கை. துணி மடிப்பது ஒன்பது வயதுக்காரன். மூத்தவள் என்பதால் அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் விழுகிறது, மூத்த பிள்ளைக்கு எந்த வீட்டிலும் அப்படித்தான். நானும் மூத்தவள்தான்.

"என்னதான் கற்றுக்கொள்கிறார்கள்?" என்ற கேள்விக்கு வருகிறேன். பாடத்துக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் கழகப் புத்தகங்களைத்தான் வைத்திருக்கிறோம், எல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அது போக அவரவர் பித்து அவரவருக்கு. இரண்டாமவனுக்குச் சூரியன். கொடைக்கானல் வானாய்வகத்துக்கு ஒருமுறை கூட்டிப்போனதில் பிடித்துக்கொண்டது. 1899-ல் ஆரம்பித்த இடம் அது. 1909-ல் அங்கே இருந்துதான் வானியலாளர் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார், அந்த விளைவுக்கே அவர் பெயர்தான். நம் மலையில் நடந்தது, நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இவன் அட்டையில் ஓட்டை போட்டு, வெள்ளைத்தாளில் சூரியனை விழவைத்து வட்டம் வரைகிறான், மூட்டம் வருவதற்குள். பதினொரு வயதுக்காரிக்கு இட்லி மாவு. இங்கே குளிர்காலத்தில் ராத்திரி அரைத்து வைத்த மாவு காலையில் அப்படியே கல் மாதிரி கிடக்கும், பொங்காது. நுண்ணுயிருக்கு வெதுவெதுப்பு வேண்டும். பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பது அவள் வேலை. எத்தனை மணிக்கு வைத்தாள், எவ்வளவு குளிர், எவ்வளவு உயரம் பொங்கியது என்று ஒரு நோட்டே போட்டிருக்கிறாள். விசாரிக்க வந்தவர்கள் அதிக நேரம் புரட்டிப் பார்த்தது அந்த நோட்டைத்தான். இதில் எது வேலை, எது படிப்பு என்று பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

சட்டம் தெரிந்தவர்களும் வந்தார்கள். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, 6 முதல் 14 வயது வரை. நானும் வாசித்திருக்கிறேன். அதில் 'கட்டாயம்' என்று சொல்வது அரசுக்குத்தான், கல்வி கிடைக்கச் செய்யும் கடமை அரசுடையது. பெற்றோர் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்றும் ஒரு பிரிவு இருக்கிறது, ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் சொல்லப்படவில்லை. என் மகளுக்கு 16 வயது, அந்தச் சட்டத்தின் வயதையே தாண்டிவிட்டாள். இன்னொருவர் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்தை எடுத்துப் போட்டு, "பள்ளி நேரம் போகத்தான் குடும்பத்துக்கு உதவலாம்" என்றார். ஐயா, அது தொழில் பற்றிய சட்டம். தன் வீட்டில் தன் தம்பிக்குச் சோறு வடிப்பது எந்தத் தொழிலில் சேரும்? உங்கள் வீட்டில் யாரும் வடிப்பதில்லையா?

அவள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் (NIOS, வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுதலாம்) பத்தாம் வகுப்பு எழுதிக்கொண்டிருக்கிறாள். ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டும் என்று அங்கே கட்டாயம் இல்லை. ஒருமுறை பதிந்தால் ஐந்து வருடம் செல்லும், வருடத்துக்கு இரண்டு தடவை தேர்வு. இரண்டு பாடம் முடித்துவிட்டாள். கீழே போய்த் தங்கி எழுதிவிட்டு வந்தாள். தனியாகப் படித்து, அவளாகவே முடித்தது.

ஏன் இந்த வழிக்கு வந்தோம் என்றும் சொல்லிவிடுகிறேன். பெரியவள் பள்ளிக்குப் போனவள்தான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மலை பூராவும் மரம் சாய்ந்து, ரோடு அடைந்து, கரண்ட் இல்லாமல் கிடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போதுதான் முதல்முதலாக நான் பிள்ளைகளை அடுப்பைச் சுற்றி உட்காரவைத்துப் பாடம் சொன்னேன். அப்புறம் 2020 மார்ச்சில் பள்ளிகளே மூடின. சின்ன வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. அந்தக் காலம் முழுக்க நம் எல்லார் வீடும் பள்ளிக்கூடமாகத்தானே இருந்தது? அப்போது யாரும் எங்களைப் படம் எடுக்கவில்லை. சிக்னல் கிடைக்காமல் கோயில் மேட்டுக்குப் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளைகளை எத்தனை பேர் கேட்டீர்கள்? நாங்கள் அந்த நேரத்தில் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு வழக்கம் பிடித்தோம், பிள்ளைகள் வாசிக்க ஆரம்பித்தார்கள், அதைக் கலைக்க மனசு வரவில்லை. அவ்வளவுதான். பள்ளிகளைப் பற்றியோ ஆசிரியர்களைப் பற்றியோ நான் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. என் தம்பி மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை, என் பிள்ளைகளின் கட்டுரை நோட்டைத் திருத்துவது அவள்தான்.

"நாலு பேரோடு பழக வேண்டாமா?" ஒன்பது பேர் உள்ள வீட்டில், அறுவடைக்கு ஊரே கூடுகிற இடத்தில் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்து இந்தக் கேள்வி. இதற்கு மேல் பதில் இல்லை.

என்னை உண்மையாகவே அழவைத்தது இது எதுவும் இல்லை. "ஆறு பெற்றால் இப்படித்தான்", "பெற்றுப் போட்டுவிட்டு மூத்தவள் தலையில் கட்டிவிட்டார்கள்" என்ற கமெண்ட்கள். எழுதியவர்களில் என் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள், வத்தலக்குண்டில் கல்யாண வீட்டில் என் பிள்ளைகள் பந்தி பரிமாறியதைப் பார்த்து, "என்ன பொறுப்பு, எப்படி வளர்த்திருக்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டவர்கள். அன்றைக்குப் பொறுப்பு என்று தெரிந்தது இன்றைக்கு எப்படிக் கொடுமை ஆனது? ஆறும் நாங்கள் விரும்பிப் பெற்ற பிள்ளைகள். ஒன்றுகூட எனக்குப் பாரம் இல்லை. உங்களிடம் ஒரு படி அரிசி கேட்டு வந்ததில்லை. பூண்டு கட்டிக் கட்டித் தொங்கவிடும் காலத்தில் ராத்திரி பன்னிரண்டு மணி வரை நானும் அவரும் கட்டியிருக்கிறோம், பிள்ளைகளை ஒன்பதுக்கே படுக்கவைத்துவிட்டு. அந்தப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லாரும் பெருமையாகப் பகிர்ந்தீர்கள். அதை விளைய வைக்கிற வீட்டின் அடுப்படி மட்டும் உங்களுக்கு அவமானமாகத் தெரிகிறது.

பெரியவள் எல்லாக் கமெண்ட்டையும் வாசித்துவிட்டாள். வாசிக்காதே என்றேன், கேட்கவில்லை. "அம்மா, என்னைப் பாத்து அவங்க பாவப்படறாங்களா?" என்றுதான் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. யாரும் அவளிடம் கேட்டு அந்தப் படத்தை எடுக்கவில்லை. 16 வயதுப் பெண், வேலையாக நிற்கும்போது, கலைந்த தலையோடு. உங்கள் வீட்டுப் பெண்ணை ஒருவர் கேட்காமல் எடுத்துப் போட்டிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அவளுடைய படிப்பின் மேல் அவ்வளவு அக்கறை உள்ளவர், "என்னம்மா படிக்கிற?" என்று ஒரு வார்த்தை அவளிடம் கேட்டிருக்கலாமே. சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அவள் எதிரேதான் நின்றுகொண்டிருந்தாள்.

படத்தை எடுத்துவிடச் சொல்லி அவருக்கு மெசேஜ் போட்டிருக்கிறேன், பார்த்துவிட்டார், பதில் இல்லை. நண்பர்கள் பகிர்ந்திருந்தால் நீங்களாவது நீக்கிவிடுங்கள். அவளுக்கு இன்னும் கணக்கும் அறிவியலும் ஆங்கிலமும் பாக்கி, அக்டோபரில் தேர்வு. அது முடியும்வரை அவள் ஐடியைத் தேடிப்போய் ஆறுதல், அறிவுரை எதுவும் அனுப்ப வேண்டாம். கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள். பகலில் பதில் வராது, ராத்திரி ஒன்பதுக்கு மேல் எழுதுகிறேன்.