மூணு மணி நேர டயாலிசிஸும் முழு கவச உடையும்

2020 மே மாதம் சென்னையிலேயே ராயபுரம் மண்டலத்தில்தான் தொற்று அதிகம். அங்கே இருக்கிற ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் கொரோனா வார்டு. கண் ஆபரேஷனைத் தள்ளிப் போடலாம், குடலிறக்கத்தைத் தள்ளிப் போடலாம். டயாலிசிஸைத் தள்ள முடியாது. தள்ள முடியாததைச் சுருக்கினார்கள்: வாரம் மூணு தடவை இரண்டானது, நாலு மணி நேரம் மூணானது.

அதன் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்க. டிரை வெயிட், அதாவது உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோது உள்ள எடை, 60 கிலோ உள்ளவர் 4 கிலோ நீர் ஏறி வருகிறார். எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் தண்ணீர் இழுத்தால் இதயம் தாங்காது. அப்படியானால் மணிக்கு 780 மில்லி. நாலு மணி நேரத்தில் 3.1 லிட்டர் எடுக்கலாம். மூணு மணி நேரத்தில் 2.3 தான். மிச்சம் 1.7 கிலோ அவரோடவே வீட்டுக்குப் போகும். ராத்திரி மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். அந்த மூச்சுத் திணறலும் கொரோனா திணறலும் வெளியே பார்க்க ஒன்றுதான். ‘முதல்ல டெஸ்ட் ரிசல்ட் வரட்டும்’ என்று வாசலில் உட்கார வைத்த நேரத்தில் நுரையீரலில் இன்னும் நீர் சேர்ந்தது.

வீட்டிலோ கபசுரக் குடிநீர், சுடுதண்ணி, எலுமிச்சை, இளநீர். ஊருக்கெல்லாம் நல்லது. சிறுநீர் இறங்காதவருக்கு அது வெளியேற வழியில்லாத தண்ணீரும் பொட்டாசியமும். காசிமேட்டில் மீன் வராத நாளில் கருவாடு வேறு; உப்பு, அப்புறம் தாகம்.

இனி மெஷினுக்கு இந்தப் பக்கம் நிற்கிற டெக்னீஷியன். சுருக்காத முழு டயாலிசிஸ் என்றால் மெஷின் ஓடுவது நாலு மணி நேரம். அதற்கு முன் டியூபில் உப்பு நீரை ஓட்டிக் காற்றை வெளியேற்றணும். முடிந்தபின் ஊசி போட்ட இடத்தைப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்கணும், மெஷினைக் கழுவி அடுத்தவருக்குத் தயார் பண்ணணும். ஆக ஆறு மணி நேரம், ஏசி அணைத்த அறையில், கவச உடைக்குள். தண்ணீர் கிடையாது, பாத்ரூம் கிடையாது. கிட்னி யூனிட்டில் வேலை செய்கிறவரே நீர்க்கடுப்போடு நிற்பதைவிடக் கேலிக்கூத்து உண்டா?

இது வெறும் அலுப்பு சமாச்சாரம் இல்லை. ரத்தம் நிமிஷத்துக்கு 300 மில்லி ஓடுகிறது. திரும்ப ஏற்றும் ஊசி கழன்றால் சில சமயம் அலாரம் அடிக்காது, பிரஷரில் வித்தியாசம் அவ்வளவு குறைவு. மூணு நிமிஷத்தில் 900 மில்லி போர்வைக்குள் போய்விடும். அதைப் பிடிப்பது கண்தான். கண்ணாடியில் ஆவி படிந்து, ஒரே ஆள் அஞ்சு மெஷினைப் பார்த்தால் எந்தக் கண்?

2021 ஆகஸ்ட் 5 தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வயிற்று வழி டயாலிசிஸுக்கான (குழாய் வழியே வயிற்றுக்குள் திரவம் விட்டு வெளியே எடுப்பது) பைகள் வீட்டுக்கே வருவது நல்ல மாற்றம்தான். ஆனால் 2 லிட்டர் பை தினம் நாலு என்றால் மாதத்துக்கு 120. வியாசர்பாடி குடியிருப்பில் ஒற்றை அறைக்குள் எங்கே அடுக்குவது? குழாய் மாட்டும்போது ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கையைச் சோப்பு போட்டுக் கழுவணும். வெளியே வரும் நீர் கலங்கியிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள் ஆகாது.

இனி எந்தத் தொற்று வந்தாலும் இரண்டை முதலில் எழுதி ஒட்டுங்க: ஒரு டெக்னீஷியனுக்கு எத்தனை மெஷின், கவச உடைக்குள் தொடர்ந்து எத்தனை மணி நேரம். மெஷின் எத்தனை வாங்கினோம் என்ற போர்டு அப்புறம் மாட்டலாம்.