ரெல்டாலைத் தளர்த்தச் சொல்லும் புண்ணியவான்களுக்கு

மூன்று நாள் போயே போய்விட்டது. கணினியில் சர்க்யூட் சிமுலேஷனை ஓட்டினால் 4.37 மில்லிசெகண்டு வரை ஒழுங்காகப் போகும், அப்புறம் "டைம் ஸ்டெப் மிகச் சிறியது" (அதாவது, ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் நடுவிலுள்ள நொடித்துணுக்கு) என்று ஒரு வரியைத் துப்பிவிட்டு நின்றுவிடும். யாரிடம் கேட்டாலும் ஒரே மந்திரம்தான்: "ரெல்டாலைத் தளர்த்துங்க." அதாவது, கணக்கில் எவ்வளவு பிழையைப் பொறுக்கலாம் என்று மென்பொருளுக்குச் சொல்லும் அளவைக் கூட்டுங்கள் என்று. எந்த நோய்க்கும் அதே வெள்ளை மாத்திரையை நீட்டுகிற கம்பவுண்டர்தான் நினைவுக்கு வருகிறார்.

என் கதை இது. 12 வோல்ட் மோட்டாரை ஓட்டும் ஒரு சின்ன போர்டு. காலையில் ஓடும், வெயில் ஏறியதும் தானாகவே நின்றுவிடும். பெட்டிக்குள் அளந்தால் 67 டிகிரி. மின்னோட்டத்தை மட்டுப்படுத்த உள்ளே இருப்பது ஒரு டிரான்சிஸ்டரும் 0.33 ஓம் ரெசிஸ்டரும். ரெசிஸ்டரில் 0.65 வோல்ட் விழுந்ததும் டிரான்சிஸ்டர் விழித்துக்கொள்ளும். அதாவது 2 ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழே. சூடேறினால் அந்த 0.65 வோல்ட், ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறையும். 27-இலிருந்து 67 வரை 40 டிகிரிக்கு 80 மில்லிவோல்ட். எல்லை 1.73 ஆம்பியருக்கு வந்துவிடும். காகிதத்தில் இரண்டு வரிக் கணக்கு. ஆனால் மேலே இருப்பவர்களுக்குக் காகிதம் ஆகாது, அலைவடிவம் வேண்டும்.

சரி என்று உட்கார்ந்தேன். மென்பொருள் பாட்டுக்கு 27 டிகிரியில் உட்கார்ந்திருக்கிறது. 300 கெல்வினை ஒட்டிய வசதியான எண், ஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருளின் ஆரம்ப காலத்திலிருந்து வருவது. மே மாத நள்ளிரவில்கூட 27-க்கு இறங்காத ஊரில் இருந்துகொண்டு நாம் எல்லோரும் அதைத் தொடாமலே சர்க்யூட் வடிவமைத்துக்கொண்டிருக்கிறோம். மாற்றப் போனால் டெம்ப் என்று ஒன்று, டிநாம் என்று ஒன்று, பக்கத்துப் பக்கத்தில். நான் அவசரத்தில் 67-ஐ டிநாமில் போட்டுத் தொலைத்தேன். டெம்ப் என்பது சர்க்யூட் இருக்கும் வெப்பநிலை. டிநாம் என்பது மாடலின் (டிரான்சிஸ்டர் போன்ற பாகம் எப்படி நடந்துகொள்ளும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் விவரத்தின்) எண்களை அளந்த வெப்பநிலை. ஆகவே மென்பொருள் என்ன நினைத்துக்கொண்டது? அந்த எண்கள் 67-இல் எடுத்தவை, சர்க்யூட் மட்டும் குளிரில் கிடக்கிறது என்று. மின்னோட்ட எல்லை குறையாமல் 2 ஆம்பியரைத் தாண்டி ஏறிவிட்டது! அரை நாள் அதை நம்பிக்கொண்டு திரிந்தேன். பிழைச்செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது.

இன்னொன்றும் உண்டு. டெம்பில் என்ன போட்டாலும், வெப்பக் குணகம் கொடுக்காத ரெசிஸ்டர் கல் மாதிரி அப்படியே இருக்கும். டிரான்சிஸ்டர் தன் சூட்டில் தானே வேகாது. டிஓ-92 என்ற சின்ன பிளாஸ்டிக் உறையில் வாட்டுக்குச் சுமார் 200 டிகிரி ஏறும். அரை வாட் விரயம் ஆனால் நிஜத்தில் தொட்ட விரல் பொசுங்கும். சாதாரண மாடலை வைத்து ஓட்டினால் திரையில் அது பாட்டுக்குக் குளுகுளுவென்று இருக்கும்.

டெம்பைச் சரியாக 67 ஆக்கினேன். அப்போதுதான் இந்த டைம் ஸ்டெப் சனியன் வந்தது. அறிவுரைகளும் வந்தன. ரெல்டால் இயல்பாக 0.001. அதை 0.01 ஆக்கு, போதாவிட்டால் 0.1 ஆக்கு.

ஐயா, ரெல்டால் என்பது என்ன? நியூட்டன்–ராஃப்சன் முறையில் திரும்பத் திரும்பக் கணக்குப் போடும்போது, முந்தைய விடைக்கும் இப்போதைய விடைக்கும் எவ்வளவு வித்தியாசம் இருந்தால் "போதும், அடுத்த நொடித்துணுக்குக்குப் போ" என்று விடலாம் என்ற அளவு. 0.1 என்றால் பத்து சதவீதம். நான் தேடிக்கொண்டிருப்பதே 1.97-க்கும் 1.73-க்கும் நடுவே உள்ள பன்னிரண்டு சதவீதத்தை! பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்துவிட்டு அதற்குள் தேடு என்றால் எப்படி? ஆற்றாமையில் போட்டும் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் ஓடி முடிந்தது, அழகான அலைவடிவம். அதிகபட்ச டைம் ஸ்டெப்பைக் கொஞ்சம் மாற்றினேன், உச்ச மின்னோட்டம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. இன்னொரு தடவை மாற்றினேன், இன்னொரு விடை. ஜோசியரிடம் போயிருந்தால் டீயாவது கிடைத்திருக்கும்.

தளர்த்த வேண்டியது ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. அதைத்தான் ஒருவரும் சொல்லவில்லை. ஆப்ஸ்டால், மின்னோட்டத்தில் எத்தனை ஆம்பியர் பிழையைப் பொறுக்கலாம் என்ற அளவு. அதன் இயல்பு 1 பிகோஆம்பியர், ஆம்பியரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. 1970-களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், ஐசிக்குள் ஓடும் துளித் துளி மின்னோட்டங்களுக்காக ஸ்பைஸை எழுதியவர்கள் வைத்தது, அவர்கள்மேல் தப்பில்லை. ஆனால் 2 ஆம்பியர் ஓடும் மோட்டார் சர்க்யூட்டில் எதற்குப் பிகோஆம்பியர் துல்லியம்? நெல் மூட்டையை நகைக்கடைத் தராசில் நிறுப்பதற்குச் சமம். 1 நானோஆம்பியர் என்று வைத்தேன், எனக்கு எந்த நஷ்டமும் இல்லை.

அதற்கும் அடங்கவில்லை. உண்மையான குற்றவாளி மோட்டாருக்குக் குறுக்கே போட்டிருந்த டையோடு. மாடல் வரியில் பெயர் மட்டும் இருந்தது, எண் ஒன்றுமில்லை. எண் கொடுக்காவிட்டால் தொடர்மின்தடை சுழி, சந்திக் கொள்ளளவும் சுழி. அப்படி ஒரு டையோடு பூமியில் கிடையாது. ஸ்விட்ச் அணையும் கணத்தில் மோட்டாரின் இன்டக்டர் அதன்மேல் பாய, வோல்டேஜ் செங்குத்தாக எகிற, மென்பொருள் டைம் ஸ்டெப்பைப் பாதி, அதில் பாதி என்று குறைத்துக் குறைத்து மூச்சடைத்து விழுகிறது. அது கத்தியது சரிதான். வாயைப் பொத்தச் சொன்னவர்கள்தான் தப்பு. டேட்டாஷீட்டைப் பார்த்து இரண்டு எண்களைச் சேர்த்தேன். ரெல்டால் 0.001-லேயே ஓடியது. எல்லை 1.7-ஐ ஒட்டி வந்தது, காகிதம் சொன்ன மாதிரியே.

இப்போது ஒரு ஓட்டத்துக்கு இருபது நிமிடம் ஆகிறது. நேற்று பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ நேரமா சார்? ரெல்டாலைக் கொஞ்சம் தளர்த்துங்களேன்" என்றார்.