காசு வைத்துக் கட்டினால் குழந்தையின் ஹெர்னியா போய்விடுமா?

"குழந்தைக்கு ஹெர்னியாவா? ஆபரேஷன் வேண்டாம், புடைப்பின் மேல் காசு வைத்து இறுக்கிக் கட்டுங்கள், ஒரு வயதுக்குள் சரியாகிவிடும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. ஹெர்னியா என்பது வயிற்றுச் சுவரின் ஒரு திறப்பு வழியே குடல் வெளியே தள்ளிப் புடைப்பது. தொப்புளில் வரும் புடைப்பு பெரும்பாலும் 4, 5 வயதுக்குள் தானாகவே மூடிக்கொள்ளும், காசுக்கு அதில் வேலையே இல்லை, கட்டினால் தோல் புண்ணாவதுதான் மிச்சம். ஆனால் தொடை இடுக்கிலோ விரைப்பையிலோ வரும் ஹெர்னியா தானாகச் சரியாகாது, அதற்கு ஆபரேஷன்தான் வழி. பிறப்பதற்கு முன் மூடியிருக்க வேண்டிய ஒரு பாதை திறந்தே இருப்பதால் குடல் அதில் இறங்குகிறது, சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் கைக்குழந்தைகளுக்குத்தான் அதிகம்.

அந்த ஆபரேஷனில் "செயற்கை வலை வைத்துத் தைப்பார்கள்" என்று பயமுறுத்துவதும் பொய், அது பெரியவர்களுக்கு. சிறு குழந்தைகளுக்குக் குடல் இறங்கும் அந்தப் பை போன்ற பாதையின் கழுத்தைக் கட்டிவிடுவார்கள், அவ்வளவுதான். மயக்க மருந்து உண்டு என்பதால் தாய்ப்பாலை 4 மணி நேரம் முன்பும் பசும்பாலைப் பொதுவாக 6 மணி நேரம் முன்பும் நிறுத்தச் சொல்வார்கள் (அழும் பிள்ளையைச் சமாளிப்பதுதான் பெரிய பாடு!). பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம், குறைமாதத்தில் பிறந்த சின்னக் குழந்தை என்றால் மட்டும் மூச்சைக் கவனிக்க ஓர் இரவு வைத்துக்கொள்வார்கள். அப்புறம் சில நாள் விரைப்பை வீங்கியிருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் காத்திருக்கும்போது புடைப்பு கல் மாதிரி இறுகி, பிள்ளை விடாமல் அழுது வாந்தி எடுத்தால் உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.