ஜாஸ் கேட்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

மாதாமாதம் ஜாஸ் கேட்க நாங்கள் கூடுகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வந்திருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கும் இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு அங்கே ஒரு பையனின் கேள்விக்குப் பதில் சொன்ன பெரியவரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருடைய இசைத்தட்டுச் சேகரிப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்த அலமாரியைப் பார்ப்பதற்காகவே பாதிப் பேர் அங்கே போகிறோம்.

ஆனால் அந்தத் திருப்பூர்ப் பையன் அப்படி என்ன கேட்டுவிட்டான்? "ஏனுங்ணா, ஜாஸ் கேக்கோணும்னா எதுலிருந்துங்ணா ஆரம்பிக்கிறது?" அவ்வளவுதான்.

அதற்கு வந்த பதில்: முதலில் ஜாஸுக்கு வேரான புளூஸ் பற்றிப் படி. பிறகு 1917-லிருந்து வரிசையாக வா. ஜாஸ் வகைகளான ஸ்விங்குக்கும் பீபாப்புக்கும் வித்தியாசம் சொல்லத் தெரிந்த பிறகு டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸைத் தொடு. அதுவும் இயர்போனில் வேண்டாம், அதெல்லாம் கேட்பதில் சேர்த்தி இல்லை. கடைசியில் "சினிமாப் பாட்டுக் காதுக்கு இது எட்டாது தம்பி" என்று ஒரு சிரிப்பு. நாலைந்து பேர் கூடவே சிரித்தார்கள். டீ வருவதற்குள் பையன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஜாஸுக்கு வாசல்படி எதுவும் கிடையாது. காதில் எது ஒட்டுகிறதோ அதிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: ஒட்டிய அந்த ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். வேறெதுவும் தேவையில்லை.

சரி, பெரியவர் சொன்ன வரிசையையே எடுத்துக்கொள்வோம். 1917-ல் வெளிவந்ததைத்தான் முதல் ஜாஸ் இசைத்தட்டு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். வாசித்தவர்கள் யார்? ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட், ஐந்து வெள்ளைக்காரர்கள். அந்த இசையை நியூ ஆர்லியன்ஸில் உருவாக்கிய கறுப்பின மக்களில் ஒருவர்கூட அதில் இல்லை. பாட்டின் நடுவே கிளாரினெட் சேவல் மாதிரிக் கூவும், கார்னெட் குதிரை மாதிரிக் கனைக்கும், டிராம்போன் மாடு மாதிரிக் கத்தும். வேடிக்கையான தட்டுதான், நானும் ரசித்திருக்கிறேன். ஆனால் ஜாஸ் என்றால் என்ன என்று கேட்டு வந்த பையனுக்கு முதல் பாடம் சேவல் கூவலா? வரிசை வரிசை என்கிறவர்கள் அந்த வரிசையின் முதல் தட்டை என்றைக்காவது முழுதாகக் கேட்டிருக்கிறார்களா? நம்ம பக்கம் நீச்சல் பழக வருகிறவனைக் கிணற்றில் இறக்கிவிடுவார்கள். கிணறு வெட்டிய கதையைச் சொல்லி மேட்டில் உட்கார வைக்க மாட்டார்கள்.

என்னைக் கேட்டிருந்தால் 'கைண்ட் ஆஃப் புளூ' என்றிருப்பேன். 1959-ல் மைல்ஸ் டேவிஸ் நியூயார்க்கில் மார்ச்சில் ஒரு நாள், ஏப்ரலில் ஒரு நாள், ஆக இரண்டே நாளில் பதிவு செய்த ஆல்பம். அதன் முதல் பாட்டு 'ஸோ வாட்'. பியானோவும் பாஸும் எங்கேயோ யோசித்துக்கொண்டு வருவது போல வரும். அப்புறம் பாஸ் ஒரு வரி கேட்கும், மற்றவர்கள் இரண்டே சுரத்தில் பதில் சொல்வார்கள். கேள்வி, பதில். கேள்வி, பதில். நடுவில் எட்டு பார் (எட்டுத் தாளச் சுற்று) மட்டும் எல்லாம் அரைச் சுரம் மேலே ஏறும், பிறகு பழைய இடத்துக்கே இறங்கும். பாட்டின் சட்டம் அவ்வளவுதான், மீதியெல்லாம் அங்கேயே அப்போதே பிறப்பது. சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ஒரு கொசுறு: அதன் சுரங்கள் நம் கரகரப்பிரியாவின் சுரங்களேதான். கமகம் இல்லை, பிடிகள் இல்லை, அதனால் அதை ராகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் தடவையே அந்நியமாகப் படவில்லையே ஏன் என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

"எல்லாரும் சொல்கிற ஆல்பத்தைத்தானா நீயும் சொல்கிறாய்?" என்று ஒருவர் கட்டாயம் வருவார். ஆமாங்க, எல்லாரும் சொல்வதைத்தான் சொல்கிறேன். எல்லாரும் சொல்கிறார்கள் என்பதற்காக அதில் என்ன குறைந்துவிட்டது? தனக்குப் பிடித்தது ஊருக்கும் பிடித்துவிட்டால் சிலருக்கு அது கசக்க ஆரம்பித்துவிடும். அது காதில் வருகிற கோளாறு இல்லை.

என் மாமாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கோபி பக்கம் பேண்டு செட்டில் சாக்ஸபோன் வாசித்தவர். நொட்டேஷன் (எழுதிய சுரக் குறிப்பு) பார்த்து வாசித்ததே இல்லை, எல்லாம் கேள்வி ஞானம். கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை வண்டிக்கு முன்னால் சினிமாப் பாட்டு வாசித்துத்தான் குடும்பத்தை நடத்தினார். ஜாஸ் என்ற பேரையே அவர் கேள்விப்பட்டதில்லை. ஒருநாள் திண்ணையில் அவர் வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தபோது செல்போனில் 'ஸோ வாட்' போட்டேன். மைல்ஸின் டிரம்பெட் வந்தது. கை நின்றது. "இவன் அவசரப்படலியே மாப்ளே. ஊதாம உடற எடத்தைப் பாரு, அங்கதான் வேலையே இருக்குது" என்றார். அடுத்து கோல்ட்ரேனின் சாக்ஸ். "இவனுக்கு என்னமோ கோவம்." அதற்கடுத்து இன்னொரு சாக்ஸ்காரர், கேனன்பால் ஆடர்லி. மாமா சிரித்தே விட்டார். "இவன் கல்யாண ஊட்டுக்காரன்!" ஒன்பது நிமிடப் பாட்டு முடிந்ததும், "மறுக்கா போடு" என்றார்.

மூன்று பேரையும் மூன்று வரியில் சொல்லிவிட்டார். சினிமாப் பாட்டுக் காது அது. பெரியவர் அளவுகோலில் அந்தக் காதுக்கு எவ்வளவு மார்க் போடுவார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

"அப்போ வரலாறே வேண்டாமா?" என்பார்கள். வேண்டாம் என்று யார் சொன்னது? நியூ ஆர்லியன்ஸின் காங்கோ சதுக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கூடிப் பாடவும் ஆடவும் விடப்பட்ட அடிமைகளைப் பற்றித் தெரியாமல் இந்த இசையின் வலி முழுதாகப் பிடிபடாது. பாடகி பில்லி ஹாலிடே 1939-ல் 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாடியது, கும்பல் கொன்று மரத்தில் தொங்கவிட்ட கறுப்பின மக்களைப் பற்றி என்று தெரிந்த பிறகு, அந்தக் குரலை வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்க முடியாது. ஆனால் அந்தத் தேடல் பிடித்துப்போன பிறகு தானாக வரும். பிடிப்பதற்கு முன்னாலேயே பரீட்சை வைத்தால் எவன் வருவான்?

"கர்நாடக சங்கீத மனோதர்மம் தெரியாதவனுக்கு இம்ப்ரோவைசேஷன், அதாவது அப்போதே கற்பனை பண்ணி வாசிப்பது, புரியாது" என்று இன்னொருவர் அன்றைக்கே சொன்னார். புரியாவிட்டால் போகிறது, விடுங்கள்.

வெறும் வாத்தியம் சலிக்கிறது என்றால் குரலில் ஆரம்பிக்கலாம். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற பாடகியும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து பாடிய 1956 ஆல்பம் இருக்கிறது. ஒன்று பட்டு, ஒன்று கரகரப்பு. தாளம் பிடிக்கும் என்றால் டேவ் புரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்', அதுவும் 1959 தான். தகிட தக, தகிட தக என்று ஐந்து எண்ணிக்கை விடாமல் ஓடும். கண்ட சாபு போட்டுப் பழகியவர்களுக்குத் தக தகிட திரும்பி நிற்பது போல இருக்கும். நம் ஜமாப் மேளத்துக்குக் கால் எடுத்து வைக்கிற ஊரில் பிறந்தவனுக்குத் தாளம் எட்டாதாம்! கேட்கவே நன்றாக இல்லை.

இயர்போன் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு உண்மையில் எரிச்சல் வந்தது அங்கேதான். அந்தப் பையன் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறான். சுற்றிலும் ஓவர்லாக் மெஷின்கள் ஓடுகிற இடம். ஷிஃப்ட் முடிந்து அறைக்குப் போனால் கூட நாலு பேர் படுத்திருப்பார்கள். அவன் இயர்போனில் கேட்காமல் எதில் கேட்பான்? லட்ச ரூபாய் ஆம்ப்ளிஃபயர் வாங்கி, தனி அறை கட்டி, அதற்கப்புறம்தான் இசையா?

வெஸ் மான்ட்கோமரி என்று ஒரு கிடார்க்காரர், இண்டியானாபொலிஸ் ஊர்க்காரர். பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் கிளப்புகளில் வாசிப்பு, இப்படியே வருஷக்கணக்கில் ஓடியிருக்கிறார். நொட்டேஷன் படிக்கத் தெரியாது. பிக் (தந்தி மீட்டும் சில்லு) இல்லாமல் கட்டைவிரலால் வாசித்தவர். 1960-ல் வந்த அவருடைய ஆல்பத்தைக் கேட்டுவிட்டு உலகத்துக் கிடார்க்காரர்களெல்லாம் தலையில் கை வைத்தார்கள். எரால் கார்னர் என்ற பியானோக்காரருக்கும் நொட்டேஷன் தெரியாது. இவர்கள் இரண்டு பேரும் நம் கூட்டத்துக்கு வந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால், என்ன சொல்லி அனுப்பியிருப்போம் என்று நினைத்துப் பார்க்கிறேன். முதலில் படித்துவிட்டு வா தம்பி என்றா?

வேலைக்குப் போகிற ஜனங்களின் இசையாகப் பிறந்தது, இரவு விடுதியிலும் சாவு ஊர்வலத்திலும் வாசிக்கப்பட்டது, இன்றைக்கு ஏசி அறையில் மெல்லத் தலையாட்டுகிறவர்களின் அடையாள அட்டையாகிவிட்டது. அந்த அட்டை இல்லாதவன் உள்ளே வந்தால் வாசலிலேயே ஒரு சிரிப்பு. இந்தச் சிரிப்பை நானும் வாங்கியிருக்கிறேன். காலேஜில் ஒரு இசைக்கலைஞரின் பேரைத் தப்பாக உச்சரித்ததற்கு ஒரு வகுப்பே சிரித்தது. கொங்குத் தமிழ் வேறு, கேட்க வேண்டுமா? அந்தக் கலைஞரை நான் மறுபடி கேட்க ரொம்ப வருஷம் ஆயிற்று. நஷ்டம் எனக்குத்தான், சிரித்தவர்களுக்கு என்ன போச்சு?

பெரியவர் மனம் புண்படும், இதைத் தனியாகப் பேசியிருக்கலாமே என்று இரண்டு பேர் போன் செய்துவிட்டார்கள். பையன் மனசைப் பற்றி ஒருவரும் போன் செய்யவில்லை.

தம்பி, உன் நம்பர் என்னிடம் இல்லை. இது கண்ணில் பட்டால் 'ஸோ வாட்' போடு, இயர்போனிலேயே போடு. பிடிக்கவில்லையா, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டைப் போடு. அதுவும் பிடிக்கவில்லையா, ஜாஸே வேண்டாம், குடி ஒன்றும் முழுகிவிடாது. பிடித்தால் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வா, என் பக்கத்தில் உட்கார். நானும் வருவேன். நான் வரக்கூடாது என்று நினைப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அங்கே இருக்கிற இரண்டு ஸ்பீக்கரும் என்னுடையவை. எடுத்துவர ஆட்டோ சொல்ல வேண்டும்.