ரத்தத்தில் இல்லை சித்தப்பா, பையில் இருக்கிறது

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் சித்தப்பா ஒரு வீடியோ போட்டிருந்தார். சுவிட்சர்லாந்தில் ஏதோ ஒரு கிராமத்துச் சாலையோரம். ஒரு மர அலமாரி, அதில் முட்டை, பூசணிக்காய், ஜாம் பாட்டில்கள். கடைக்காரர் இல்லை. பக்கத்தில் ஒரு உண்டியல் மட்டும். வருபவர் காசைப் போடுகிறார், முட்டையை எடுத்துக்கொண்டு போகிறார். பின்னணியில் உருக்கமாக ஒரு வயலின். கீழே சித்தப்பாவின் வரி: "ஒழுக்கம் இவங்க ரத்தத்திலேயே இருக்கு. நம்மாளுங்களுக்கு இன்னும் நூறு வருஷம் ஆனாலும் வராது." அத்தை மூன்று கும்பிடு போட்டார். பெரியப்பா மகன் "நூத்துக்கு நூறு உண்மை" என்றான். கடைசியில் சித்தப்பாவே, "அங்கேயே இருக்காளே, அவளையே கேளுங்க" என்று என்னைக் கோத்துவிட்டார்.

கேட்டதால் சொல்கிறேன். குழுவில் நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். அதனால் இங்கே.

நான் இந்த நாட்டுக்கு வந்து பத்து வருடம் ஆகிறது. சூரிச்சிலிருந்து ரயிலில் இருபது நிமிடத் தூரத்தில் ஒரு சின்ன ஊர், ஒன்பது வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு. என் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று வந்த இரண்டாவது மாதமே இந்த ஊர் கண்டுபிடித்துவிட்டது.

இங்கே குப்பையை இஷ்டப்பட்ட பையில் கட்டி வெளியே வைக்க முடியாது. ஊராட்சி அச்சடித்த பை ஒன்று இருக்கிறது, அதில்தான் வைக்க வேண்டும். கடைகளில் பெரும்பாலும் கல்லாவில் கேட்டு வாங்குவோம். 35 லிட்டர் பை ஒன்று ஏறத்தாழ 2 பிராங். பத்துப் பை கொண்ட சுருள் 20 பிராங். குப்பையை அள்ளுவதற்கும் எரிப்பதற்கும் ஆகும் செலவு பையின் விலையிலேயே அடக்கம். எனக்கு இது தெரியாமல் இல்லை. வீட்டுக்காரம்மா தாளில் எழுதியே கொடுத்திருந்தார். ஆனால் பக்கத்திலேயே சாதாரணக் கறுப்புப் பை ஒரு சுருள் 3 பிராங்குக்குக் கிடைக்கும்போது, மனசு ஒரு கணக்குப் போட்டது. இருட்டிய பிறகு எல்லார் பைகளுக்கும் நடுவில் என் கறுப்புப் பையைச் சொருகி வைத்துவிட்டு வந்தேன்.

பதினைந்து நாளில் ஒரு கடிதம் வந்தது. பையைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். வெங்காயத் தோல், டீத்தூள், கறிவேப்பிலைக் காம்பு எல்லாவற்றையும் கையுறை போட்டுக் கிளறி, கூரியர் அட்டைப்பெட்டியில் ஒட்டியிருந்த என் கணவர் பெயரைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதற்கென்றே ஆள் இருக்கிறார்களாம். அபராதமும் கையாளும் செலவும் சேர்த்து 200 பிராங்குக்கு மேல். அந்தக் காசுக்கு நூறு பை வாங்கியிருக்கலாம். கணவர் ஒன்றும் சொல்லவில்லை, கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். ஒரு வருடம் அங்கேயே இருந்தது.

அதற்கப்புறம் என்னைப் பார்த்திருக்க வேண்டும். பால் பாட்டிலைக் கழுவி, மிதித்துச் சப்பையாக்கி, கடைக்கே திருப்பிக் கொண்டுபோனேன். செய்தித்தாளைக் கயிறு போட்டுக் கட்டினேன், அட்டையைத் தனியாகக் கட்டினேன். ஊறுகாய் பாட்டிலை வெள்ளை, பச்சை, பழுப்பு என்று நிறம் பார்த்துப் போட்டேன். (அதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போடப் போய், எதிர் வீட்டு ஜன்னல் திறந்து, ஒரு பாட்டி என்னைப் பார்த்துத் தலையை மட்டும் மெதுவாக இடமும் வலமும் ஆட்டினார். ஞாயிறன்று கண்ணாடி உடையும் சத்தம் கூடாது.) வாரம் மூன்று பையாக இருந்த குப்பை ஒன்றாகிவிட்டது. ஒரே மாதத்தில் நடந்த மாற்றம் இது. என் ரத்தம் ஓ பாசிட்டிவ். இன்னும் அதேதான்.

சரி, எனக்கு அடி விழுந்ததால் திருந்தினேன், சுவிஸ்காரர்கள் பிறவியிலேயே இப்படி என்பீர்கள். அதுவும் இல்லை. பைக்குக் கட்டணம் என்ற யோசனையை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நகரம் செயின்ட் காலன், 1975இல். சூரிச் நகரத்துக்கு அது வர 1993 ஆனது. பிரெஞ்சு பேசும் வோ மாநிலத்தில் 2013இல்தான் வந்தது. வந்த இடத்தில் எல்லாம் சண்டை, புலம்பல். கட்டணம் உள்ள ஊர்க்காரர்கள் மூட்டையைக் காரில் ஏற்றிக் கட்டணம் இல்லாத ஊரில் கொண்டுபோய்ப் போட்டார்கள். 'குப்பைச் சுற்றுலா' என்று அதற்கு ஜெர்மனில் ஒரு சொல்லே இருக்கிறது. இன்னும் சிலர் வீட்டுக் குப்பையைத் தெருத்தொட்டியில் திணித்தார்கள். இங்கே தெருக்களில் நிற்கும் ஒருவகைத் தொட்டிக்குச் 'சுறா' என்று பெயர். வாய் அவ்வளவு ஒடுக்கமாக இருக்கும், ஒரு காபிக் கோப்பை போகும், வீட்டுப் பை போகாது. ரத்தத்தில் ஒழுக்கம் இருக்கிற ஜனங்களுக்கு ஏன் அப்படி ஒரு தொட்டி?

ஜெனீவாவில் இன்றைக்கும் குப்பைப் பைக்குக் கட்டணம் கிடையாது. என் கல்லூரித் தோழி ஒருத்தி அங்கே இருக்கிறாள். அவள் சமையலறையில் ஒரு பெரிய தொட்டி, காய்கறிக் கழிவுக்கு ஒரு பச்சை டப்பா, அவ்வளவுதான். என் சமையலறையில் ஐந்து தொட்டிகள். விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். அப்போது அறையைப் பெருக்குகிறவள் அவள்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவ்வளவு பளபளப்பான நாடு, ஐரோப்பாவிலேயே அதிகம் குப்பை போடும் நாடுகளில் ஒன்று. ஆண்டுக்கு ஆளுக்கு 650 கிலோவுக்கும் மேல். அதில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக மறுசுழற்சிக்குப் போகிறது, மிச்சத்தை எரிக்கிறார்கள். எரியக்கூடிய குப்பையை மண்ணில் கொட்டுவதற்கு 2000ஆம் ஆண்டிலிருந்து தடை. சூரிச்சில் அப்படி எரிக்கும் சூட்டைக் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்புகிறார்கள், குளிர்காலத்தில் பலருக்கு அதுதான் கதகதப்பு. இவர்கள் கண்ணில் குப்பை படுவதில்லை. அது வேறு, குப்பை இல்லை என்பது வேறு.

முட்டைக் கடையா? உண்மைதான், எங்கள் ஊரிலும் ஒன்று இருக்கிறது. இரண்டு வருடமாக அலமாரிக்கு மேலே ஒரு கேமராவும் இருக்கிறது. வீடியோ எடுத்தவர் அதை விட்டுவிட்டார். டிராமில் ஏறத் தடுப்புக் கதவு கிடையாது, அதுவும் உண்மை. ஆனால் ஜீன்ஸ் போட்ட இரண்டு பேர் திடீரென்று எழுந்து அட்டையைக் காட்டுவார்கள். டிக்கெட் இல்லையென்றால் முதல் தடவை 100 பிராங், அடுத்த தடவை அதைவிட அதிகம்.

உண்மையான சுவிட்சர்லாந்தைப் பார்க்க வேண்டுமானால் மலைக்குப் போக வேண்டாம், எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு வாருங்கள். அங்கே சலவை அறை. ஒன்பது வீட்டுக்கும் ஒரே எந்திரம். யாருக்கு எந்த நாள் என்று சுவரில் அட்டவணை. எனக்குப் பத்து நாளுக்கு ஒருமுறை வரும். துவைத்து முடித்ததும் எந்திரத்தைத் துடைத்து, சல்லடையில் சிக்கிய பஞ்சை எடுத்து, கதவைச் சற்றே திறந்து வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். ஞாயிறு கிடையாது, இரவு பத்துக்கு மேல் கிடையாது. தவறு செய்தால் யாரும் வந்து சத்தம் போட மாட்டார்கள். சீட்டு ஒட்டியிருக்கும். "அன்புள்ள அண்டை வீட்டாரே" என்று தொடங்கி, "மிக்க நன்றி!" என்று முடியும், பெயர் இருக்காது. முதல் வருடம் எனக்கு வந்த சீட்டுகளை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றில் நீளமான கறுப்பு முடி ஒன்றை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் இடுப்பு வரை முடி வைத்திருந்தவள் நான் ஒருத்திதான்.

அந்தச் சீட்டுகளிலிருந்து என்னைக் காப்பாற்றியது மூன்றாவது மாடி அக்கா. யாழ்ப்பாணம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்து, முதியோர் இல்லச் சமையலறையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். "பிள்ளை, கதவு ரப்பரையும் துடைச்சனீங்களோ? அவை விரலாலை தடவிப் பாப்பினம்" என்பார். அட்டவணையில் எந்தப் பெயரைக் கண்டு பயப்பட வேண்டும், எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்பதெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தது. ஒன்பது வீட்டில் சுவிஸ் குடும்பம் மூன்றுதான். மற்றவர்கள் கொசோவோ, போர்ச்சுகல், இத்தாலி, அக்கா வீடு, நாங்கள். நாட்டிலேயே நூற்றுக்கு 27 பேர் வெளிநாட்டுக் குடிமக்கள். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒன்பது வீட்டுப் பையும் ஒரே மாதிரி வரிசையில் நிற்கிறது. சித்தப்பா சொல்லும் ரத்தம் இதில் எந்த வீட்டு ரத்தம்?

பிள்ளைகளுக்கும் இது தானாக வருவதில்லை. என் மகள் மழலையர் பள்ளிக்குத் தனியாக நடந்து போனாள், ஐந்து வயதில், ஆரஞ்சு நிறப் பட்டை மாட்டிக்கொண்டு. ஊரில் சொன்னால் திட்டுவார்கள். ஆனால் அதற்கு முன் ஒரு போலீஸ்காரர் வகுப்புக்கு வந்து, தெருவுக்குக் கூட்டிப் போய், "வார்த்தே, லுவெகே, லோசே, லௌஃபே" என்று பாட்டுப் போலச் சொல்லிக் கொடுத்தார். நில், பார், கேள், நட. அவள் இன்னும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

சலவை அறைக்கு அடுத்து ஒரு காங்கிரீட் கதவு. ஒரு சாண் தடிமன். அது பதுங்கு அறை. குண்டு விழுந்தால் ஒளிவதற்கு. பனிப்போர்க் காலத்தில், 1963இல், புதிதாகக் கட்டும் வீடுகளுக்குப் பதுங்கு அறை வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். இப்போது நாட்டு மக்கள் அத்தனை பேருக்கும் போதுமான இடம் இருக்கிறது. சமாதான காலத்தில் அது ஒன்பது வீட்டுக்கும் சாமான் அறை. பனிச்சறுக்குக் கட்டை, வைன், உருளைக்கிழங்கு.

வந்த முதல் பிப்ரவரியில், ஒரு புதன்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு ஊரே அலறுகிற மாதிரி சைரன் ஊதியது. வீட்டில் நானும் கைக்குழந்தையும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு கீழே ஓடினேன். அன்றைக்கு அக்காவின் சலவை நாள். துணிக்கூடையோடு எதிரே வந்தவர், "டெஸ்ற் பிள்ளை, டெஸ்ற்" என்றார். ஒவ்வொரு பிப்ரவரியும் முதல் புதனன்று நாடு முழுக்கச் சைரனைச் சோதித்துப் பார்ப்பார்களாம். எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டுப் படியில் பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்கட வளவிலையும் பங்கர் இருந்தது. அப்பா தோண்டினவர். மேலை பனங்குத்தி, அதுக்கு மேலை மண்மூட்டை. மாரிக்கு முழங்கால் தண்ணி நிக்கும், அதுக்குள்ளைதான் இருக்கோணும். இவையின்ரை பங்கரைப் பாருங்கோ, லைற்றும் இருக்கு, வைனும் இருக்கு." சொல்லிவிட்டு எழுந்து போய், என் நாள் அல்லாத நாளில் நான் கயிற்றில் விட்டிருந்த துண்டை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தப் பதுங்கு அறையில் இப்போது என் கிரைண்டரும் இருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த கல் கிரைண்டர். முதலில் சமையலறையில்தான் ஓட்டினேன், கீழ் வீட்டிலிருந்து சீட்டு வந்தது. மதியம் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை அமைதி நேரம், அப்போது "கட்டட வேலை" செய்ய வேண்டாம் என்று. சரி என்று கீழே கொண்டுபோனேன். மூன்று மாதத்தில் இன்னொரு சீட்டு: கீழ்த்தள மின்சாரம் பொதுக் கணக்கு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் போர்ச்சுகல்காரர் ஒரு குறிப்பேட்டோடு வந்து, எத்தனை வாட், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார். அதற்கப்புறம் எந்தச் சீட்டும் வரவில்லை. வருடக் கடைசிக் கணக்கில் வெந்நீர், லிப்ட், தோட்டம் என்று போகும் பட்டியலில் எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு வரி கூடியிருந்தது: "இந்திய இயந்திரம், 30 பிராங்." ஏழு வருடமாகக் கட்டுகிறேன். நிம்மதியாக அரைக்கிறேன்.

இதையெல்லாம் நான் பெருமையாகச் சொல்லவில்லை. குப்பைப் பையின் கட்டணம் பணக்காரருக்கும் கூலி வேலை செய்பவருக்கும் ஒன்றுதான். டயப்பர் போடும் பிள்ளை இரண்டு இருக்கிற வீட்டுக்கு அது எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாங்குகிற காசுக்கு இங்கே லாரி வருகிறது. எந்தத் தேதியில் பேப்பர், எந்தத் தேதியில் அட்டை, கிறிஸ்துமஸ் மரத்தை என்றைக்கு வைக்க வேண்டும் என்பதுவரை வருடம் பிறக்கும் முன்பே நாட்காட்டி வீடு தேடி வருகிறது. நாம் தொட்டியே இல்லாத தெருவில் நின்றுகொண்டு, குப்பை போடுகிறவனின் பிறப்பைப் பற்றிப் பேசுகிறோம். அந்தப் பேச்சுதான் எனக்கு எரிச்சல். வெறும் கையால் குப்பை அள்ளுகிறவர்களுக்கு ஒரு ஜோடி கையுறை கொடுக்காமல் "நம்மாளுங்க ரத்தம் அப்படி" என்று சொல்வது நமக்கு எவ்வளவு வசதி!

இதில் பாதியைச் சித்தப்பாவிடம் போனிலேயே சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். கடைசியில், "பை என்ன விலைன்ன?" என்றார். நம் காசுக்கு ஏறத்தாழ இருநூறு ரூபாய் என்றேன்.

"ஒரு பையா? இருநூறா? அந்த விலைக்கு நான் குப்பையைச் சட்டைப் பையிலேயே வச்சுக்கிட்டு அலைவேன்" என்றார்.

மறுநாள் காலை குழுவில் சிங்கப்பூர் பற்றி ஒரு வீடியோ வந்தது.